பொத்தான் நாற்காலியும் பிழை நாற்காலியும்: நெல்லைச் சீமைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளின் வணிகவியல், பொருளியல், கணிதத் துறைத் தலைவர்கள், வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிக்கும் பேராசிரியர்கள்.

வணக்கம்.

"பையன் ஷேர்ல டிரேடிங் பண்ணப் போறேங்கான். அது வேலையா சார்?" என்று கேட்டு வரும் பெற்றோருக்குக் கல்லூரியில் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. 'அது சூதாட்டம், வேண்டாம்' என்பது ஒன்று. 'நல்ல எதிர்காலம், நாங்களே சனிக்கிழமை வகுப்பு வைத்திருக்கிறோம்' என்பது மற்றொன்று. கேட்டவருக்கு இரண்டாலும் பயன் இல்லை.

டிரேடிங் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து பிழைப்பு இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து சொந்தப் பணத்தில் ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) வாங்கி விற்பது ஒன்று. தரகு அலுவலகத்தில் டீலராக இருந்து வாடிக்கையாளர் சொன்ன ஆர்டரைத் தட்டுவது இரண்டு. அந்த ஆர்டருக்குப் பணம் இருக்கிறதா, சரியாகப் போய்ச் சேர்ந்ததா, கணக்கு உதைக்கிறதா என்று பார்க்கும் ரிஸ்க், செட்டில்மென்ட் வேலை மூன்று. நிரல் எழுதி இயந்திரத்தை வைத்து வணிகம் செய்வது நான்கு. உளுந்து, மருந்துக்குப் போகும் சென்னா இலை, காற்றாலை மின்சாரம் என்று கண்ணால் பார்க்கும் சரக்கைக் கைமாற்றுவது ஐந்து. நம் பிள்ளைகள் வரிசையில் நிற்பது முதல் இரண்டுக்கு. தானியக்கம் முதலில் விழுங்கியதும் அந்த இரண்டைத்தான்.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறோம். பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர் (பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்), ஆப்ஷன் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள். சராசரி இழப்பு செலவுகளோடு சேர்த்துத் தலைக்கு ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம். 30 வயதுக்குட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-இலிருந்து 43 சதவீதமாக ஏறியது. முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே இருந்து வந்தவர்கள் 72 சதவீதத்துக்கும் மேல். அதாவது நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள். அதே ஆய்வில் உங்கள் மாணவர்கள் படிக்க வேண்டிய வரி இன்னொன்று: 2023-24-இல் சொந்தக் கணக்கில் வணிகம் செய்த நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் அயல்நாட்டு முதலீட்டாளர்களின் லாபத்தில் 97 சதவீதமும் அல்கோ, அதாவது நிரல் தானே ஆர்டர் போடும் வணிகம், வழியாக வந்தது. எதிரில் உட்கார்ந்து ஆடுவது யார் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு வகுப்பறைக் கணக்கும் உண்டு. 75 அலகு கொண்ட ஒரு லாட் (சந்தை வைத்த குறைந்தபட்சக் கட்டு) ஆப்ஷனை 100 ரூபாய்க்கு வாங்கி 101-க்கு விற்பதாக வையுங்கள். கையில் 75 ரூபாய் லாபம் போலத் தெரியும். போக வர 20 ரூபாய் வீதம் தரகு 40. பரிவர்த்தனை வரி, 2024 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த அன்றைய 0.1 சதவீதப்படி, ஏறக்குறைய 7 ரூபாய் 60 காசு. சந்தைக் கட்டணம் 5 ரூபாய்ச் சொச்சம். தரகுக்கும் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 8 ரூபாய்ச் சொச்சம். முத்திரைத் தீர்வை சில்லறை. மொத்தம் 61 ரூபாய். மிச்சம் 14. வாங்கும்போதும் விற்கும்போதும் விலை கால் கால் ரூபாய் நழுவினால் 37 ரூபாய் 50 காசு போய்விடும். 'லாபம்' வந்த வணிகம் நட்டத்தில் முடியும். மாணவர் இந்தக் கணக்கை ஒரு காண்ட்ராக்ட் நோட்டை (தரகர் அனுப்பும் வணிக விவரச் சீட்டு) வைத்துத் தானே போட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். பத்து அறிவுரை செய்யாததை இது செய்யும்.

இரண்டாவது, டீலர் நாற்காலி. உங்கள் வேலைவாய்ப்பு முகாம்களுக்கு அதிகம் வந்து நிற்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். 1994-இல் தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. திரை வழி வணிகத்தைத் தொடங்கியபோது கூச்சல் போட்டு விலை கேட்ட தளம் போய் டெர்மினல் வந்தது. டெர்மினலை இயக்க ஆள் வேண்டியிருந்தது. ஊர் ஊராக டீலர்கள் வந்தார்கள். 2008-இல் செபி நேரடிச் சந்தை அணுகலை அனுமதித்ததும் பெரிய வாடிக்கையாளரின் ஆர்டர் டீலரின் விரலைத் தாண்டி நேரே போக ஆரம்பித்தது. பிறகு கைப்பேசிச் செயலி வந்து சிறிய வாடிக்கையாளரையும் கொண்டுபோனது. கோயம்புத்தூர் பங்குச் சந்தை 2013-இலும் சென்னைப் பங்குச் சந்தை 2015-இலும் கதவைச் சாத்தின. உலக அளவில் ஓர் எடுத்துக்காட்டு: கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தில் 2000-இல் 600 பேர் பங்கு வாங்கி விற்றார்கள். 2017-இல் அந்த மேசையில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்.

இன்றும் டீலர் வேலை முழுதாக ஒழியவில்லை. செயலி பழகாத மூத்த வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் ஆர்டர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். ஆனால் இருபத்தொரு வயதுப் பிள்ளை அந்த நாற்காலியில் இரண்டு ஆண்டு உட்கார்ந்து எழுந்தால் கையில் என்ன இருக்கும்? எஃப்1 விசை வாங்க, எஃப்2 விசை விற்க. அதோடு மாதத்துக்கு இத்தனை டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) பிடிக்க வேண்டும் என்ற இலக்கு. விலை ஏன் அப்படி நிரம்பியது, மார்ஜின் (வணிகத்துக்கு முன்பிணையாக வைக்கும் பணம்) ஏன் பற்றாமல் போனது என்பதை அந்த நாற்காலி சொல்லித் தராது. அந்த விவரமெல்லாம் அடுத்த அறைக்குப் போய்விடும்.

எங்கள் பரிந்துரை அந்த அடுத்த அறைதான், அதாவது மூன்றாவதாகச் சொன்ன ரிஸ்க், செட்டில்மென்ட் வேலை. முதல் வேலைக்குப் பிள்ளைகளைப் பொத்தான் அமுக்கும் நாற்காலிக்கு அனுப்பாதீர்கள். பிழை வந்து சேரும் நாற்காலிக்கு அனுப்புங்கள். இயந்திரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிழையும் அந்த மேசைக்கு வரும். தொழிலின் உள்கூடு முழுவதும் தெரிவது அங்கிருந்துதான்.

அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சந்தை 9.15-க்குத் திறக்கும், மேசை அதற்கு வெகுமுன்பே திறந்துவிடும். அன்றைய காண்ட்ராக்ட் கோப்பு ஏற வேண்டும்: எந்த எக்ஸ்பயரி (காண்ட்ராக்ட் முடியும் நாள்) புதிது, லாட் அளவு என்ன, எந்தப் பங்கு தடைப் பட்டியலில். ஒரு பங்கின் மொத்த நிலுவை (இன்னும் முடிக்கப்படாத ஒப்பந்தங்கள்) அனுமதித்த வரம்பில் 95 சதவீதத்தைத் தாண்டினால் புதிய ஃபியூச்சர், ஆப்ஷன் நிலை எடுக்கத் தடை. இருப்பதைக் குறைக்க மட்டும் செய்யலாம். வாடிக்கையாளரின் வரம்புகளும் மார்ஜின் கோப்பும் ஏற வேண்டும். சந்தை நடக்கும்போது கிளியரிங் கார்ப்பரேஷன் (வணிகங்களுக்குப் பணமும் பங்கும் தீர்த்துவைக்கும் நிறுவனம்) ஒரு நாளில் குறைந்தது நான்கு முறை, சொல்லாமல், மார்ஜினைப் படம் பிடிக்கும். அதில் அதிகபட்சத்துக்குப் பணம் இருந்திருக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது முழு அளவில் நடைமுறையில் இருக்கிறது. பற்றாக்குறை ஒரு லட்சத்துக்கும், தேவையில் பத்து சதவீதத்துக்கும் குறைவானால் அபராதம் அரை சதவீதம். மேலே போனால் ஒரு சதவீதம். மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் ஐந்து. 3.30-க்குப் பிறகுதான் உண்மையான வேலை. சந்தை அனுப்பிய வணிகக் கோப்பு, ஆர்டர் மென்பொருளின் கோப்பு, பேக் ஆபீஸ் (தரகரின் கணக்குப் பிரிவு) கோப்பு மூன்றும் ஒன்றோடொன்று உதைக்கக் கூடாது. உதைத்தால், காண்ட்ராக்ட் நோட் போகுமுன் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குக்கும் மறுநாளே பணமும் பங்கும் கைமாறுவதால், 'நாளைக்குப் பார்ப்போம்' என்ற வசதி போய்விட்டது.

பிழை எப்படி வரும் என்பதற்கு 2024 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். என்.எஸ்.இ.-யின் முதன்மைப் பங்குக் குறியீடான நிஃப்டியின் லாட் அளவு 25-இலிருந்து 75 ஆனது, ஆனால் 20-ஆம் தேதிக்குப் பிறகு அறிமுகமான காண்ட்ராக்ட்டுகளுக்கு மட்டும். ஏற்கனவே இருந்தவை பழைய அளவிலேயே ஓடின. சில வாரங்கள் இரண்டும் ஒன்றாகச் சந்தையில் இருந்தன. லாட் அளவைக் கோப்பிலிருந்து படிக்காமல் நிரலுக்குள்ளேயே 25 என்று எழுதி வைத்திருந்தால் என்ன ஆகும்? அலகு எண்ணிக்கையில் ஆர்டர் போட்டால் சந்தை திருப்பி அனுப்பும்; அது நல்ல பிழை, சத்தம் போடும். லாட் எண்ணிக்கையைக் கொண்டு அபாயத்தைக் கணக்கிட்டால், உண்மையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் திரையில் தெரியும். அது கெட்ட பிழை, வாயே திறக்காது. இதே வகையில் இன்னொன்று: ஒரு நிறுவனம் ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசமாக போனஸ் கொடுத்தால் விலை ஒரே நாளில் பாதியாகும். பழைய விலைகளைச் சரிசெய்யாத பேக்டெஸ்ட் (உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் சோதனை), பங்கு ஒரே இரவில் 50 சதவீதம் விழுந்ததாக எடுத்துக்கொண்டு, விலை விழும் என்று முன்கூட்டியே விற்று வைக்கும் உத்திக்குப் பொய் லாபம் காட்டும். உத்தி விற்கும் ஆட்கள் காட்டும் அழகான வரைபடங்களில் இப்படிப்பட்ட ஓட்டைகள் உண்டு.

பெரிய விபத்துகளைப் பார்த்தாலும் பிழை நாற்காலியின் மதிப்பு புரியும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் நிறுவனம் எட்டு சர்வர்களில் புது நிரலை ஏற்றியபோது ஒன்று விடுபட்டது. அதில் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு ஏறக்குறைய 45 நிமிடம் ஆர்டர்களைக் கொட்டியது. இழப்பு 44 கோடி டாலருக்கு மேல். இதில் எல்லாரும் நிரலைப் பற்றித்தான் பேசுவார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறு: சந்தை திறக்கும் முன்பே அந்தக் கணினி அமைப்பு பிழையைச் சுட்டி 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாக அமைக்கப்பட்டவை அல்ல, வந்தபோது அவற்றைப் பொதுவாக யாரும் பார்க்கவும் இல்லை.

அதே ஆண்டு அக்டோபர் 5-இல் மும்பையில் ஒரு தரகு நிறுவனத்திலிருந்து 59 தவறான ஆர்டர்கள், மதிப்பு 650 கோடிக்கு மேல், போனதில் நிஃப்டி நொடிகளில் ஏறக்குறைய 900 புள்ளி சரிந்து வணிகம் நின்றது. அது மனிதப் பிழை; தடுத்திருக்க வேண்டியது, ஆர்டர் வெளியேறும் முன் அளவையும் மதிப்பையும் பார்க்கும் வரம்புச் சோதனை. 2020 ஏப்ரல் 20-இல் நடந்ததோ இன்னொரு ரகம். ஊரடங்கால் பண்டச் சந்தையான எம்.சி.எக்ஸ். மாலை 5 மணிக்கே மூடியது. அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய் 965 ரூபாய். இரவில் அமெரிக்காவில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. இங்கே தீர்வு விலை மைனஸ் 2,884 ரூபாய். 100 பீப்பாய் லாட் ஒன்றை வாங்கி வைத்திருந்தவருக்கு, மூடிய விலையிலிருந்து மட்டும் 3,84,900 ரூபாய் போனது. விலைக் கட்டத்தில் மைனஸ் குறியையே ஏற்காத மென்பொருள்கள் பல இருந்தன. விலை எதிர்மறையாகப் போகாது என்று யாரோ ஒருவர் எப்போதோ எடுத்துக்கொண்டதுதான் காரணம். 2021 பிப்ரவரி 24-இல் என்.எஸ்.இ. 11.40-க்கு நின்றபோது, திரும்பத் திறக்குமா என்று தெரியாமல் பல தரகர்கள் வாடிக்கையாளரின் அன்றைய நிலைகளை மும்பைப் பங்குச் சந்தையான பி.எஸ்.இ.-யில் முடித்தார்கள். பிறகு 3.45-க்கு என்.எஸ்.இ. திறந்து 5 மணி வரை நடந்தது. முடித்தவர் செய்தது சரியா தவறா என்பதற்கு எந்த நிரலிலும் விடை எழுதியிருக்காது. விதிமுறையும் நிலுவைக் கணக்கும் தெரிந்த ஆள் அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்த ஆளாக ஐந்து ஆண்டில் வளரக்கூடிய பிள்ளையைத்தான் நீங்கள் இப்போது கணக்கு பிடிக்க அனுப்புகிறீர்கள்.

சரி, கல்லூரியில் என்ன செய்யலாம்? வாரம் இரண்டு மணி நேரம், இருக்கிற கணினி அறை, செலவு பூஜ்யம். முதலில் கணினியே வேண்டாம். இருபது பேரை உட்கார வைத்து ஆர்டர் சீட்டு எழுதச் சொல்லுங்கள். ஒருவர் கரும்பலகையில் ஆர்டர் புத்தகம் நடத்தட்டும். விலை முதலில், ஒரே விலையானால் நேரம் முதலில். விற்பவர் பக்கம் 101.10-க்கு 100, 101.25-க்கு 100, 102-க்கு 100 பங்கு நிற்கும்போது ஒருவர் '300 பங்கு, எந்த விலையானாலும் சரி' என்று சீட்டுக் கொடுத்தால் சராசரி 101.45 விழும். திரையில் 101.10 பார்த்தவருக்கு 35 காசு எங்கே போனது என்று கேளுங்கள். ஸ்டாப் லாஸ் (இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆர்டர்) ஏன் சொன்ன விலையில் நிற்பதில்லை என்பதும் இந்தப் பலகையிலேயே விளங்கிவிடும்.

அடுத்து, சந்தைகள் நாள்தோறும் இலவசமாக வெளியிடும் பாவ்காப்பி என்ற விலைக் கோப்பை 60 நாளுக்கு இறக்கி எஸ்கியூலைட் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளில் ஏற்றச் சொல்லுங்கள். நேற்றைய முடிவு விலைக்கும் இன்றைய தொடக்க விலைக்கும் 20 சதவீதத்துக்கு மேல் இடைவெளி உள்ள பங்குகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும்: முகமதிப்புப் பிரிப்பா, போனஸா, நிறுவனம் பிரிந்ததா, உண்மையான சரிவா. 2024 ஜூலைக்கு முந்தைய கோப்புகள் சிலவற்றையும் வேண்டுமென்றே கலந்து கொடுங்கள். அந்த மாதம் கோப்பின் அமைப்பே மாறியது. ஒரே அமைப்பின் நெடுவரிசைப் பெயரை நம்பி எழுதிய நிரல் நின்றுவிடும். ஏன் நின்றது என்று தேடுவதுதான் அந்த வாரத்துப் பாடம்.

மூன்றாவது, நாங்கள் அதிகம் நம்பும் பயிற்சி: பிழை புதைத்த கோப்பு. 500 வரி கொண்ட வணிகக் கோப்பு ஒன்று. அதன் நகலில் 12 பிழையைப் புதைக்க வேண்டும். மூன்று வரி காணாமல், இரண்டு வரி இரட்டிப்பு, இரண்டில் வாங்கியது விற்றதாக, இரண்டில் தசமப் புள்ளி நகர்வு, இரண்டில் வாடிக்கையாளர் குறியீட்டில் எண் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்து, ஒன்றில் நாளும் மாதமும் இடம் மாறியது. இரண்டு இரண்டு பேராகக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த எண்ணிக்கைக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். சரியான வரியைத் தவறென்று சொன்னால் கழியுங்கள், காரணத்தை ஒரே வரியில் எழுதினால் கூட்டுங்கள். நேர்முகத் தேர்வில் இந்த ஒரு வரியை எழுதத் தெரியாமல்தான் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். 'கணக்கு டேலி ஆகல சார்' என்பது பதில் ஆகாது. 'இந்த வாடிக்கையாளரின் 75 அலகு விற்பனை நம் கோப்பில் இரண்டு முறை ஏறியிருக்கிறது, சந்தைக் கோப்பில் ஒரு முறைதான், 2.10-க்கு இணைப்பு அறுந்து மீண்டபோது மறுபடி வந்தது' என்பது பதில்.

சான்றிதழ் என்றால் செபி நிறுவிய கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகள். ஐந்தாம் பருவத்தில் ஏழாம் தொடர், அதாவது செட்டில்மென்ட், ரிஸ்க் பற்றியது. ஆறாம் பருவத்தில் எட்டாம் தொடர், பங்கு டெரிவேட்டிவ், அதாவது ஃபியூச்சரும் ஆப்ஷனும். எட்டாவதை மட்டும் எழுதிவிட்டு வருபவர்கள் நிறைய. ஏழாவதை எழுதியவர்கள் குறைவு, அதனாலேயே கண்ணில் படுவார்கள். பாடநூலை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் என்பதையும் சான்று மூன்றாண்டுதான் செல்லும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் எழுதி வைத்துக்கொண்டால் வேலைக்குச் சேர்ந்து ஓரிரண்டு ஆண்டிலேயே மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை வகுப்பு நடத்த வருபவரிடம் பதிவு எண் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் ஐ.என்.எச். என்றும், முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்றும் தொடங்கும், செபி தளத்தில் இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கலாம். 'நான் கல்வி மட்டும்தான்' என்றால், செபியின் 2025 ஜனவரிச் சுற்றறிக்கையை எடுத்து வையுங்கள்: கல்வி மட்டும் தருபவர் கடைசி மூன்று மாத விலையைக் காட்டிக் குறிப்பிட்ட பங்கைப் பற்றிப் பேசக் கூடாது என்கிறது அது. நேரலையில் வாங்கி விற்றுக் காட்டினால் அது கல்வி ஆகாது. அவருக்கு வாடகைக்கு அரங்கு கொடுத்தது கல்லூரிதான் என்று நாளைக்குப் பெற்றோர் கேட்பார்கள்.

முகாமுக்கு வரும் நிறுவனங்களிடமும் சில கேள்வி. சம்பளம் நிலையானதா, தரகு வருமானத்தோடு கட்டியதா? கணக்கு பிடிக்கும் இலக்கு உண்டா? உண்டென்றால் அது விற்பனை வேலை. விற்பனை வேலை என்று சொல்லியே எடுக்கட்டும், அதில் தவறில்லை. 'பயிற்சி டிரேடர்' என்று சொல்லி வைப்புத்தொகை கேட்டால் அடுத்த கேள்வியே வேண்டாம். 'எங்கள் பணத்தில் வணிகம் செய், தேர்வுக் கட்டணம் மட்டும் கட்டு' என்று அயல்நாட்டு நாணயச் செயலிகள் மாணவர் விடுதி வரை வந்துவிட்டன. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் அங்கீகாரம் இல்லாத இத்தகைய தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகிறது. அதன் அச்சுப்படி ஒன்று அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். வேலை நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பண்டச் சந்தை இரவு பதினொன்றரையைத் தாண்டியும் ஓடும். குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் கிஃப்ட் நிஃப்டி என்ற நிஃப்டி ஃபியூச்சர் வணிகம் நள்ளிரவைத் தாண்டியும் நடக்கிறது. இரவுப் பணி, போக்குவரத்து, தங்குமிடம் பற்றி முதலிலேயே சொல்லாததால்தான் பெண் பிள்ளைகள் வேலை கிடைத்தும் மூன்றாம் மாதம் வீடு திரும்புகிறார்கள்.

நிரல் எழுதும் நான்காவது வழியைப் பற்றி ஆசை காட்ட மாட்டோம். பெரிய அல்கோ நிறுவனங்கள் ஆள் எடுப்பது பெரும்பாலும் ஐ.ஐ.டி., இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐ.எஸ்.ஐ., சென்னைக் கணிதவியல் நிறுவனம் போன்ற இடங்களில். நம் பி.எஸ்சி. கணிதப் பிள்ளைக்கு நேர்வழி கிடையாது. ஐ.ஐ.டி.-களின் முதுகலை நுழைவுத் தேர்வான ஜாம் தேர்வோ, சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வோ எழுதி முதுகலைக்குப் போய்ச் சேர்வதே வழி. நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் உறுதியாக இருந்தால் பைத்தானை மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம். தலைகீழாகச் செய்து ஜெயித்தவர் அபூர்வம். பொறியியல் பிள்ளைகளுக்கு ஒரு பக்கவாசல் உண்டு: லினக்ஸ், நெட்வொர்க், பதிவுக் கோப்பு வாசிப்பு தெரிந்த உற்பத்தி ஆதரவு வேலை. எட்டாவது சர்வரில் நிரல் ஏறியதா என்று பார்க்கும் வேலை அது.

ஐந்தாவதான சரக்கு வணிகத்தைத்தான் நம் ஊர்க் கல்லூரிகள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. தூத்துக்குடித் துறைமுகம் நெல்லையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருக்கிறது. துவரை, உளுந்து ஃபியூச்சர் வணிகம் 2007 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. 2021 டிசம்பரில் பாசிப்பயறு உள்ளிட்ட ஏழு பண்டங்களும் அந்த வரிசையில் சேர்ந்தன. எனவே உளுந்து விலைக்குத் திரை இல்லை. இயந்திரம் படிக்கத் தரவும் இல்லை. பர்மா உளுந்தில் எஃப்.ஏ.கியூ. (சராசரித் தரம்) எது, எஸ்.கியூ. (சிறப்புத் தரம்) எது, ஈரம் எத்தனை சதவீதம், உடைத்தால் பருப்பு எவ்வளவு தேறும் என்று மாதிரியைக் கையில் அள்ளிப் பார்த்துச் சொல்லும் அண்ணாச்சிமார்களின் தொலைபேசியில்தான் விலை பிறக்கிறது. டன் 800 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் குவிண்டால் 6,800. அதன்மேல் துறைமுகச் செலவு, வட்டி, எடைக்குறைவு. இந்தக் கணக்கை ஒரு பி.காம். பிள்ளை முதல் வாரத்திலேயே போட்டுவிடும். கஷ்டம் காகிதத்தில் இருக்கிறது. எல்.சி.-யில் (வங்கி பணம் தருவதாக உறுதி தரும் கடிதம்) நிறுவனத்தின் பெயர் ஒரு மாதிரி, பில் ஆஃப் லேடிங்கில் (கப்பலில் ஏற்றிய சரக்குக்கான சீட்டு) ஓர் எழுத்து வேறு மாதிரி என்றால் வங்கி 'முரண்பாடு' என்று நிறுத்தும். ஆவணங்களைப் பார்க்க வங்கிக்கு ஐந்து வேலை நாள் உண்டு. அதற்குள் சரக்கு வந்து நின்றால் கன்டெய்னர் வாடகை ஓடத் தொடங்கிவிடும். சி.எச்.ஏ. (சுங்க முகவர்) அலுவலகத்தில் ஓராண்டு ஆவணம் சரிபார்த்த பிள்ளைக்கு ஏற்றுமதி அலுவலகங்களில் மதிப்பு தனி. 'திருநெல்வேலி சென்னா' என்று உலகச் சந்தையில் ஊர்ப் பெயரோடே விற்கும் இலைக்கும் இதே கதைதான். வாங்குபவர் கேட்பது இலையின் மருந்துக் கூறான சென்னோசைடு சதவீதம், அதற்கு ஆய்வகச் சான்று, அந்தச் சான்றில் சரக்கு எண் சரியாக இருக்க வேண்டும். இதுவும் பிழை நாற்காலிதான். மணம் மட்டும் வேறு.

காற்று இன்னும் புதிய வாசல். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் தென்மேற்குக் காற்று இறங்கும் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை மின்சாரம் பெருகும். மின் சந்தையில் ஒரு நாள் என்பது 15 நிமிடக் கட்டங்கள் 96. ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு தருவேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். 50 மெகாவாட் நிலையம் 30 சொல்லி 22 தந்தால், பிழை 8; திறனில் 16 சதவீதம். பிழை ஏற ஏற விலகல் கட்டணம் ஏறும். 2020 ஜூன் 1-இல் வந்த நிகழ்நேரச் சந்தையில் அரை மணிக்கு ஓர் ஏலம், ஒரு நாளில் 48. காலையில் சொன்னதைத் திருத்திக்கொள்ள அது இடம் தருகிறது. 2025 ஜூலையில் எம்.சி.எக்ஸ்., என்.எஸ்.இ. இரண்டும் மின்சார ஃபியூச்சரைத் தொடங்கின. முன்கணிப்பைச் செய்வது மென்பொருள்தான். ஆனால் எந்தக் காற்றாடி பழுதுக்காக நிறுத்தப்பட்டது, எந்தத் துணைமின் நிலையம் சுமை குறைக்கச் சொன்னது என்ற செய்தி நேரத்துக்கு மென்பொருளுக்குப் போய்ச் சேராததால்தான் பெரிய விலகல்கள் வருகின்றன. கயத்தாற்றிலும் பணகுடியிலும் தொலைபேசியை எடுத்துத் தமிழில் கேட்டு, அந்தக் கட்டத்தின் எண்ணைத் திருத்தத் தெரிந்த இயற்பியல் அல்லது கணிதப் பட்டதாரிக்கு இங்கே இடம் உண்டு.

இந்த ஆண்டே தொடங்குவதானால் உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. பதிவு எண் இல்லாத சனிக்கிழமை வகுப்பை நிறுத்துங்கள். ஐந்தாம் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரத்தை ஆர்டர் புத்தகத்துக்கும் பிழைக் கோப்புக்கும் ஒதுக்குங்கள். கோடை உள்ளகப் பயிற்சியைத் தரகுக் கிளைகளோடு நிறுத்தாமல், சி.எச்.ஏ. அலுவலகங்களுக்கும் காற்றாலை முன்கணிப்பு அறைகளுக்கும் கேட்டுப் பாருங்கள். காற்றாலைப் பயிற்சியை மட்டும் டிசம்பரில் வைக்காதீர்கள். அப்போது காற்று இருக்காது, திருத்த எண்ணும் இருக்காது. மே கடைசியில், தென்காசியில் சாரல் தொடங்கும் சமயம் பார்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பங்கு, பண்ட, மின் சந்தை அலுவலகங்களில் வேலை பார்க்கும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள்